நாலாம் வருடம் இருந்து ஆய்வேடு எழுதவா, மூன்றோடு கிளம்பவா?

வைகைப்பெண்:
எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் மதுரை. டெல்லியில் பி.ஏ. ஆங்கிலம் ஆனர்ஸ், ஆறாவது செமஸ்டரில் இருக்கிறேன். இதோடு மூன்று வருடப் பட்டத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பலாம். இல்லையென்றால் நாலாம் வருடமும் இருந்து ஆய்வேடு எழுதலாம். எது என்று முடிவு சொல்லும்படி துறையில் கேட்டிருக்கிறார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். "இங்கிலீஷ்ல ஆராய்ச்சி பண்ண என்னம்மா இருக்கு? வெள்ளைக்காரனே எல்லாத்தையும் பண்ணி முடிச்சிருப்பானே" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது. இதுவரை மதிப்பெண் 78 சதவீதம். என்ன செய்யலாம்?

கணக்குப்பிள்ளை:
கிளம்பி வந்துவிடு தங்கச்சி. மூன்று வருடப் பி.ஏ.வோடு இரண்டு வருட எம்.ஏ. சேர்ந்தால் ஐந்து. நாலு வருட ஆனர்ஸோடு ஒரு வருட எம்.ஏ. சேர்ந்தாலும் ஐந்து. காலத்தில் ஒரு நாள்கூட மிச்சமில்லை. செலவைப் பார். என் தம்பி மகன் டெல்லியில் பேயிங் கெஸ்ட் விடுதிக்கு மட்டும் மாதம் 14,000 கட்டுகிறான். பத்து மாதத்துக்கு ஒன்றரை லட்சத்தை நெருங்கும். அந்த வருடத்தை மதுரையில் எம்.ஏ. முதலாண்டாகப் படித்தால் வீட்டுச் சாப்பாடு.

இன்னொன்றும் சொல்கிறேன். நாலாண்டுப் படிப்பு டெல்லிக்குப் புதிதல்ல. 2013-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஒரு தடவை கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே, 2014-ல், வாபஸ் வாங்கினார்கள். நடுவில் சேர்ந்த பிள்ளைகளை மறுபடி மூன்று வருடத்துக்கு மாற்றினார்கள். ஏற்கெனவே ஒருமுறை கவிழ்ந்த வண்டி இது.

மேசைவிளக்கு:
கணக்குப்பிள்ளை சார், 2013 கதை சரிதான். ஆனால் அது ஒரு பல்கலைக்கழகம் தானாகச் செய்தது. இப்போது இருப்பது 2022 டிசம்பரில் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, நாடு முழுவதற்கும் வெளியிட்ட சட்டகம். இரண்டும் ஒன்றல்ல.

நானும் ஆங்கிலம்தான், வேறொரு மத்தியப் பல்கலைக்கழகம். போன மாதம்தான் ஆய்வேட்டுக்கான வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்தது. வைகைப்பெண், முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நாலாம் வருடம் இருந்தாலே ஆய்வேடு எழுதியாக வேண்டும் என்பதில்லை. யுஜிசி கணக்கில் மூன்று வருடத்துக்கு 120 கிரெடிட் (படிப்பின் அளவைச் சொல்லும் அலகு), நாலுக்கு 160. அதில் ஆய்வேட்டுக்கு 12. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் இருப்பவர்களுக்குத்தான் 'ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ்'. மற்றவர்கள் அந்த 12 கிரெடிட்டுக்குப் பாடங்கள் படித்து, வெறும் ஆனர்ஸ் வாங்கலாம். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும், உங்கள் துறையில் கேட்டுவிடுங்கள். ஆக உங்கள் முன்னால் இருப்பது இரண்டு வழி அல்ல, மூன்று.

ஆய்வேடு எழுதுவதில்லை என்றால் நாலாம் வருடம் இருக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. இன்னும் ஒரு வருடம் பாடம் மட்டும் படித்து யாருக்கு என்ன ஆகப் போகிறது?

கணக்குப்பிள்ளை:
ஆய்வேடு எழுதி மட்டும் யாருக்கு என்ன ஆகிறது? 60 பக்கம் அடித்து, பைண்டு பண்ணி, தங்க எழுத்து போட்டுக் கொடுப்பாய். கைடு ஒருவர், தேர்வாளர் ஒருவர், ஆக இரண்டு பேர் படிப்பார்கள். கைடு பாதிதான் படிப்பார்.

சாக்பீஸ்:
நான் அந்தப் பாதி படிக்கிற கூட்டத்தில் இருந்தவள். தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் 31 வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றேன். கணக்குப்பிள்ளை சொன்னதில் உண்மை இருக்கிறது. ஒரே வருடத்தில் 14 எம்.ஏ. ப்ராஜெக்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பத்து ப்ராஜெக்ட் ஒரே அச்சு. முதல் அத்தியாயம் ஆசிரியரின் வாழ்க்கை வரலாறு, இரண்டாவது கதைச் சுருக்கம், மூன்றாவதில் 'பெண்ணியப் பார்வை' என்று ஒரு தலைப்பு, நாலாவது முடிவுரை. மூன்றையும் நாலையும் இடம் மாற்றி வைத்தால்கூட யாருக்கும் தெரியாது. அப்படி ஒன்றை எழுதப் போகிறாய் என்றால், கண்ணு, பேசாமல் ஊருக்கு வந்துவிடு.

ஆனர்ஸ் என்ற பெயரைப் பார்த்தும் மயங்க வேண்டாம். பழைய சென்னைப் பல்கலைக்கழகத்தில் அது இருந்ததுதான். அறிஞர் அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் படித்ததே பி.ஏ. ஆனர்ஸ். அன்றைக்கு அந்தப் பெயருக்கு ஊரில் ஒரு மரியாதை இருந்தது. இன்றைக்கு டெல்லியில் மூன்று வருடம் படித்தாலும் ஆனர்ஸ், நாலு வருடம் படித்தாலும் ஆனர்ஸ் என்றால், வேலை கொடுப்பவன் எதைப் பார்ப்பான்?

மேசைவிளக்கு:
அம்மா, அந்தப் பத்தை விடுங்கள். மீதி நாலு?

சாக்பீஸ்:
மீதி நாலில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். தன் ஊர்ப் பள்ளியில் 1950-களில் வைத்திருந்த ஆங்கில வாசகப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, அதில் எந்தக் கவிதைகளைச் சேர்த்தார்கள், எந்த வரிகளை வெட்டினார்கள் என்று பார்த்தான் ஒரு பையன். ஆங்கிலம் திக்கித் திக்கித்தான் வரும் அவனுக்கு. இலக்கணப் பிழை பக்கத்துக்குப் பத்து. ஆனால் அவன் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம். 31 வருடத்தில் அப்படி நடந்தது நாலைந்து தடவைதான்.

யாழ்தேவி:
இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் இது பழைய கதை. பொதுக் கலைமாணி மூன்று வருடம், சிறப்புக் கலைமாணி நாலு வருடம், எத்தனையோ காலமாக அப்படித்தான். நான் ஆங்கிலத்தில் சிறப்பு. கடைசி வருடத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதினேன். அது இப்போது துறை அலுமாரியில் தூசி பிடித்துக் கிடக்கும், சந்தேகமே இல்லை. கணக்குப்பிள்ளை அண்ணை சொல்வதுபோல இரண்டு பேர்தான் படித்தார்கள்.

ஆனால் ஒரு விஷயம். நாலு மாதம் பாடுபட்டு எழுதின என்னுடைய இரண்டாவது அத்தியாயத்தை மேற்பார்வையாளர் முழுதாக வெட்டினார். "இதில் நீ சொல்வதற்கு ஒன்றும் இல்லை, மற்றவர்கள் சொன்னதை அடுக்கி வைத்திருக்கிறாய்" என்றார். அன்று இரவு அழுதேன். இன்று பத்திரிகையில் வேலை. யாராவது கட்டுரை அனுப்பினால் எந்தப் பந்தியில் ஆளுக்குச் சொந்தக் கருத்து இல்லை என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த வெட்டு இல்லாவிட்டால் தெரிந்திருக்காது.

கணக்குப்பிள்ளை:
யாழ்தேவி, நல்ல மேற்பார்வையாளர் கிடைத்தார், பிழைத்தீர்கள். கிடைக்காதவர்கள் கதையையும் கேட்போம். என் அக்கா மகள் (எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பதெல்லாம் வேண்டாம்) ஆய்வேடு எழுதினாள். கைடு ஏழு மாதத்தில் மூன்றே தடவைதான் பார்த்தார். கடைசி வாரம் கூப்பிட்டுத் தலைப்பையே மாற்றச் சொன்னார். நாலு நாள் தூங்காமல் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தாள். பட்டம் வந்தது, கூடவே வயிற்றுப் புண்ணும் வந்தது. இந்த இடத்தில் ராசிதான் எல்லாம். ராசியை நம்பி ஒன்றரை லட்சம் போடச் சொல்லாதீர்கள்.

பரணிதுரை:
எதற்கு இவ்வளவு பேச்சு? டாக்டர் ராதாகிருஷ்ணன் இருபது வயதில் சென்னை கிறித்தவக் கல்லூரியில் எழுதிய ஆய்வேடுதான் அவருக்கு முதலில் பெயர் வாங்கிக் கொடுத்தது. எழுதட்டும்.

சாக்பீஸ்:
பரணிதுரை, அது 1908, எம்.ஏ.வுக்கு எழுதியது, அதுவும் தத்துவம். வேதாந்தத்தின் அறநெறியைப் பற்றியது. பேராசிரியர் ஹாக் பாராட்டிச் சான்று கொடுத்தார் என்பது உண்மை. ஆனால் ராதாகிருஷ்ணன் ஏன் அந்தத் தலைப்பை எடுத்தார் தெரியுமா? வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்று சுற்றி எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது சுட்டது. பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

அதனால் வைகைப்பெண்ணைக் கேட்கிறேன். உனக்கு எது சுடுகிறது? இத்தனை பேர் பேசிவிட்டோம், தலைப்பு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

வைகைப்பெண்:
கேட்டதற்கு நன்றி அம்மா. மனதில் இருப்பது கிருபாபாய் சத்தியநாதன். 1862-ல் அகமத்நகரில் பிறந்தவர். 1878-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, உடம்பு முடியாமல் ஒரு வருடத்தில் படிப்பை விட்டவர். பிறகு சாமுவேல் சத்தியநாதனைக் கல்யாணம் செய்துகொண்டு, கடைசியில் சென்னையிலேயே இருந்து ஆங்கிலத்தில் இரண்டு நாவல் எழுதினார். 1894-ல் இறந்தபோது வயது 32. முதல் நாவல் அவருடைய சொந்த வாழ்க்கையை ஒட்டியது. 1887, 88-ல் சென்னை கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது.

மூன்று வருடம் ஆங்கிலம் படித்தேன். இந்தப் பெயரை ஒரு வகுப்பிலும் கேட்கவில்லை. ஒரு அடிக்குறிப்பில் தற்செயலாகக் கண்ணில் பட்டது. என் சந்தேகம் சின்னது. பெரும்பாலும் ஆண்கள் படிக்கிற ஒரு கல்லூரி இதழில் மாதாமாதம் இதை எழுதியபோது, யாரை நினைத்துக்கொண்டு எழுதினார்? கதையில் சில இடத்தில் வாசகரை நேராகப் பார்த்துப் பேசுகிறார். அந்த வாசகர் வெள்ளைக்காரரா, படித்த இந்திய ஆணா, இல்லை தன்னைப் போல ஒரு பெண்ணா? புத்தகமாக வந்தபோது அதில் ஏதாவது மாறியதா?

இது ஆய்வேட்டுக்குப் போதுமா என்று தெரியவில்லை.

மேசைவிளக்கு:
போதுமா? தாராளம். இன்னும் சுருக்கச் சொல்வார்கள் பாருங்கள். வாசகரைக் கூப்பிடும் இடங்களை மட்டும் எடுத்து, தொடரையும் புத்தகத்தையும் வரிவரியாக ஒப்பிட்டால் அதுவே 50 பக்கம் வரும். பெண்கல்வி, காலனியம், மதமாற்றம் என்று எல்லாவற்றையும் இழுத்துப்போட ஆசை வரும். நான் அதைத்தான் செய்தேன். ஏழாவது செமஸ்டர் முழுக்க வாசித்துக் குறிப்பெடுத்தேன், எட்டாவதில் எழுத உட்கார்ந்தால் 200 பக்கக் குறிப்பு கையில் இருக்கிறது, கேள்வி மட்டும் இல்லை. பிப்ரவரியில் பாதியைத் தூக்கிப் போட்டேன். வைவாவில் கேட்ட முதல் கேள்வியே, "உன் ஆய்வேட்டை இரண்டு வாக்கியத்தில் சொல்." நல்லவேளை, அதற்குள் சொல்ல வந்துவிட்டது.

வெளிநாட்டில் மேலே படிக்கும் எண்ணம் இருந்தால் அங்கே ஆங்கிலத் துறைகளில் விண்ணப்பத்தோடு 15, 20 பக்கத்துக்கு எழுத்து மாதிரி கேட்பார்கள். நல்ல அத்தியாயம் ஒன்று இருந்தால் அதையே செதுக்கி அனுப்பலாம். தேர்வுத் தாளையா அனுப்ப முடியும்?

கணக்குப்பிள்ளை:
தலைப்பு நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதனால் நான் சொன்ன கணக்கு மாறவில்லை. நாலு வருடம், 75 சதவீதம் இருந்தால் நேராக பி.எச்டி. சேரலாம் என்று 2022 விதி சொல்கிறது, அதைக் காட்டி யாராவது ஆசை மூட்டுவார்கள். ஆனால் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக வேண்டுமானால் 2018-ம் வருட யுஜிசி விதி பொதுவாக எம்.ஏ. கேட்டது. எம்.ஏ.வைத் தாண்டிக் குதித்துவிட்டு அப்புறம் கையைப் பிசையாதே. ஒரு வருட எம்.ஏ. எங்கே நடக்கிறது, அங்கே உனக்கு இடம் உண்டா என்று பார்த்துவிட்டு முடிவெடு. நம் ஊரில் பி.ஏ. மூன்று வருடம், எம்.ஏ. இரண்டு வருடம்தான்.

அப்புறம் சாட்ஜிபிடி காலத்தில் ஆய்வேட்டுக்கு என்ன மதிப்பு என்பதை யாரும் தொடவே இல்லை. தலைப்பைக் கொடுத்தால் அது எழுதிக் கொடுத்துவிடுகிறது.

சாக்பீஸ்:
நான் சொன்ன பத்து ப்ராஜெக்ட்டையும் அது எழுதிவிடும், இன்னும் நன்றாகவே எழுதும். ஆனால் 1887-ம் வருட இதழின் பக்கத்தையும் 1895-ல் வந்த புத்தகத்தின் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரு ஆள் நூலகத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

பெண்ணே, கைடு யார் என்பதை மட்டும் இப்போதே பேசி முடி. பத்தொன்பதாம் நூற்றாண்டு தெரிந்தவர் துறையில் இருக்கிறாரா? எத்தனை பேரை எடுத்திருக்கிறார்? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பாரா? இதைக் கூச்சப்படாமல் கேள். மழுப்பினால் கணக்குப்பிள்ளை பேச்சைக் கேட்டுக் கிளம்பிவிடு, நானே சொல்கிறேன்.

வைகைப்பெண்:
நேற்று ஒரு மேடத்தைப் பார்த்துப் பேசினேன். மூன்று பேருக்கு மேல் எடுப்பதில்லையாம், இரண்டு பேர் ஏற்கெனவே சேர்ந்துவிட்டார்கள். "இரண்டு பக்கத்தில் எழுதிக்கொண்டு வா, வெள்ளிக்கிழமை பார்க்கலாம்" என்றார். எடுத்துக்கொள்வதாகச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு போன் பண்ணிக் கிருபாபாய் கதையைச் சொன்னேன். கடையில் ஆள் இருந்தும் பத்து நிமிடம் கேட்டார். "அந்தப் பத்திரிகை மெட்ராஸ்ல எங்க இருக்கும்?" என்றார். கன்னிமாராவிலும் கிறித்தவக் கல்லூரி நூலகத்திலும் கேட்டுப் பார்க்கணும் என்றேன். பணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கணக்குப்பிள்ளை:
பணத்தைப் பேசு. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பேசு. அவர் பேச மாட்டார், நீதான் ஆரம்பிக்க வேண்டும். விடுதி, சாப்பாடு, சென்னைக்குப் போய்வர ரயில் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. நான் இன்னும் வேண்டாம் கட்சிதான்.