எல்லாம் நல்லா இருக்கு மேடம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சோஷியல் ஆடிட், அதாவது தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்ற சோதனை, நடக்கும்போது மொழிபெயர்ப்பாளராகப் போய்க்கொண்டிருந்தேன். துணி வாங்கும் வெளிநாட்டு கம்பெனி (பையர்) அனுப்பிய ஆடிட்டர் ஆங்கிலத்தில் கேட்பார். நான் தமிழில் கேட்டுப் பதிலைச் சொல்வேன். வேடசந்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்குப் போனது ஒரே ஒரு தடவைதான், 2012-இல். சில வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்று மில்கள் இளம்பெண்களைச் சேர்த்த சுமங்கலித் திட்டம் பற்றி முந்தைய வருஷம் நெதர்லாந்து அமைப்புகளின் அறிக்கை வெளிவந்து, ஐரோப்பிய பையர்கள் பதறிப்போயிருந்த சமயம்.

மில் ஆபீஸிலேயே ஒரு அறை கொடுத்தார்கள். கதவு திறந்தே இருந்தது, வெளியே சூப்பர்வைசர். தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியபடி ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். 18 வயது இருக்கும். சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று நான் கேட்டு முடிப்பதற்குள், "எல்லாம் நல்லா இருக்கு மேடம்." ஹாஸ்டலிலிருந்து கடைக்குப் போக விடுவார்களா? "எல்லாம் நல்லா இருக்கு மேடம்." ஒவ்வொரு முறையும் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். ஆடிட்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. பேசியதை மட்டும் மொழிபெயர்த்தால் போதும் என்று இருந்துவிட்டேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அடுத்த பொங்கலுக்கு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவளே வந்து பேசினாள். இந்தத் தடவை மேடம் இல்லை, அக்கா. மூன்று வருஷம் முடித்தால் 40,000 ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்று புரோக்கர் அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷம் நான்கு மாசம் ஓட்டியிருக்கிறாள். நடுவில் மஞ்சள் காமாலை. ஊரில் ஒரு மாசம் படுத்துவிட்டுத் திரும்பினால், வேலைக்கு வேறு ஆள் வந்தாச்சு என்றார்களாம்.

"அந்தப் பணம்?"

"முழுசா முடிக்கலேன்னா கிடையாதாம்க்கா."

அது யாரும் தரும் சீதனம் இல்லை. மாசாமாசம் அவள் கையில் வந்திருக்க வேண்டிய கூலி. யாரும் அடிக்கவில்லை, கட்டிப்போடவும் இல்லை. பணம் அவர்களிடம் இருந்ததே போதும், உடம்பு முடியாத நாளிலும் நைட் ஷிப்டுக்கு எழுந்து போனாள். கூலியைப் பிடித்து வைப்பதும் வெளியே விடாததும் கட்டாய உழைப்பின் அடையாளங்கள் என்றுதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சொல்கிறது.

நான் பார்த்த ஆடிட்களில் பெரும்பாலானவை தையல் கம்பெனியோடு நின்றுவிட்டன. சட்டை தைத்த இடம் பையருக்குத் தெரியும். நூல் எந்த மில்லிலிருந்து வந்தது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

தொழிற்சங்கமும் துணி கம்பெனியும் வெளிநாட்டு பையர்களும் 2022-இல் போட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் எனக்கு நம்பிக்கை தந்தது. ஒரு பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி வாங்கியது அது. பாலியல் தொல்லையைத் தடுக்கத்தான் முதலில் வந்தது. ஆனால் அதில் கண்காணிப்பவர்கள் கூடவே வேலை செய்யும் பெண்கள். வருஷத்துக்கு ஒருநாள் வந்துபோகும் எங்களைப் போல இல்லை. கட்டாய உழைப்பால் செய்த பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2027 டிசம்பரில் அமலுக்கு வருகிறது. வரட்டும். ஆனால் ஆர்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டால் இவளுடைய கூலி திரும்பி வராது. பிடித்து வைத்த கூலியைத் திருப்பித் தரச் சொல்லியும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இப்போது மில் ஹாஸ்டல்களில் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் நிறைய. இதைப் படிப்பவர்களில் ஒடியா, இந்தி தெரிந்து ஆடிட்டுக்குப் போகிறவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள்: மில்லுக்குள் கேட்டதோடு விடாதீர்கள், லீவு நாளில் வெளியே வைத்துப் பேசுங்கள். வாசலைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னால், அதையும் ஆடிட்டரிடம் சொல்லி எழுத வையுங்கள்.