சித்தப்பாவின் ஸ்ட்ராட்: புதுப்பிக்கவா, அப்படியே விடவா?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். சித்தப்பா மெல்லிசைக் கச்சேரிகளில் வாசித்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார் இப்போது என்னிடம் இருக்கிறது. நெக்கை, அதாவது கழுத்துப் பகுதியை, கழற்றிப் பார்த்தேன், அடியில் 1966 என்று முத்திரை. அவர் முழங்கை உரசிய இடத்தில் பெயின்ட் போய் மரம் வழவழவென்று தெரிகிறது. மற்ற இடங்களில் நைட்ரோ லாக்கர் என்ற அந்தக் காலத்துப் பூச்சு மெல்லிய கோடுகளாக வெடித்திருக்கிறது.

கடைக்காரர் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுப் புது பெயின்ட் அடிக்கலாம் என்கிறார். எனக்கு மனசே வரவில்லை. அந்த முழங்கைத் தடம் போனால் சித்தப்பாவே போன மாதிரி. அசல் பூச்சு போனால் விலையும் பாதியாகிவிடும் என்பார்கள்.

ஆனால் முதல் மூன்று ஃப்ரெட்களில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) பள்ளம் விழுந்து தந்தி கரகரக்கிறது. வால்யூமைத் திருகினால் இரைச்சல். சரி, இவற்றை மட்டும் பார்த்தால் போதுமா? ஃப்ரெட்கள் பதிந்திருக்கும் ரோஸ்வுட் பலகை சிம்பு பெயராமல் ஃப்ரெட் மாற்றத் தெரிந்தவர் சென்னையில் யாராவது இருக்கிறார்களா?