போக்கரில் இவ்வளவு பெரிய பெட் எங்கிருந்து வந்தது?

செந்தில்: நடுவில் இருநூறுதான் கிடக்கு, எதிராளி அறுநூறு கட்டுறான். முன்னாடி இப்படி ஆடினா சிரிப்போம். இப்போ ஆன்லைன்ல எல்லாரும் இதே ஆட்டம். ஏன்?

பழையசீட்டு: லிப்ராட்டஸைக் கேளுங்க, அது போக்கர் ஆடுற கம்ப்யூட்டர் புரோகிராம். 2017 ஜனவரி, பிட்ஸ்பர்க் ரிவர்ஸ் கேசினோ. நாலு புரொஃபஷனல்களோட ஒத்தைக்கு ஒத்தை, மொத்தம் 1,20,000 கை ஆடி ஜெயிச்சது. இந்த மாதிரி கட்டித்தான் திணறடிச்சது. பகல்ல அவங்க கண்டுபிடிச்ச ஓட்டையை ராத்திரியே அடைச்சிடும். பாவம் மனுஷங்க!

மீனா: ஆறு பேர் மேஜைக்கு 2019ல புளூரிபஸ்னு இன்னொரு புரோகிராம் வந்துச்சு. பயிற்சி எட்டு நாள், 64 கோர் சர்வர் ஒண்ணு. அவ்வளவுதான்.

செந்தில்: முகம் பார்க்காம புரோகிராம் எப்படி பிளஃப் பண்ணும், அதாவது மோசமான சீட்டை வச்சுக்கிட்டு மிரட்டும்?

பழையசீட்டு: முகம் எதுக்கு? எந்தச் சீட்டுக்கு எத்தனை சதவீதம் பிளஃப்னு கணக்கு. சால்வரும் அதேதான், எந்த இடத்துல எப்படி ஆடணும்னு கணக்குப் போட்டுக் காட்டுற சாஃப்ட்வேர். ஆட்டம் முடிஞ்சு திறந்து படிங்க. ஆடும்போது திறந்தா அக்கவுண்ட் போயிடும்.