பராமரிப்பு நிலையங்களை நேரில் வந்து பார்ப்பது யார்?

உறவுகளே, விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள். பெருமூளை வாதம் உள்ள என் தம்பி, அரசு நிதியில் தனியார் அமைப்பொன்று நடத்தும் பகல்நேர நிலையத்துக்குப் போய்வருகிறான். இயன்மருத்துவப் பதிவேட்டில் தினமும் பயிற்சி கொடுத்ததாகக் கையொப்பம் இருக்கிறது. அவனுடைய முழங்கால் பட்டியோ பிரிக்காத உறைக்குள்ளேயே கிடக்கிறது. கேட்டால், "மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புகிறோம்" என்கிறார்கள். வாய் திறந்து சொல்ல முடியாத பிள்ளைகள். பேப்பரை மட்டும் பார்த்துச் சரி போட்டால் எப்படி?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசுடன் ஒப்பந்தம் செய்து பொதுச் சேவை வழங்கும் தனியாருக்கும் அந்தச் சேவையளவில் பொருந்தும். ஒப்பந்தப் பிரதியும் மேற்பார்வை அறிக்கைகளும் கேட்கப் போகிறேன். யாழ்ப்பாணத்தில் இப்படி விண்ணப்பித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பிரதேச செயலகத்திலா, மாகாணச் சமூக சேவைகள் திணைக்களத்திலா கொடுத்தீர்கள்? மாதிரிக் கடிதம் இருந்தால் உள்பெட்டியில் அனுப்புங்கள். உங்கள் பெயர் வெளியில் வராது.