குளிர்காலக் காலையில் எளிதில் இயங்காத பழைய டீசல் வேன்

கேள்வி:
உதகையில் நான் ஓட்டிவரும் 1998ஆம் ஆண்டு டீசல் வேன், டிசம்பர் மாதக் காலைகளில் ஐந்தாறு முறை ஸ்டார்ட்டரைச் சுழற்றிய பின்னரே இயங்கத் தொடங்குகிறது. அப்போது அடர்த்தியான வெள்ளைப் புகை வருகிறது; சூடேறிவிட்டால் நாள் முழுவதும் தொந்தரவில்லை. பேட்டரி புதியது. பழுதை எங்கிருந்து தேடுவது என்று அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1:
அந்த வெள்ளைப் புகைதான் முக்கியமான தடயம். டீசல் சிலிண்டருக்குள் சென்றும் எரியாமல் வெளியேறுகிறது என்பது அதன் பொருள். புகையே இல்லாதிருந்தால் டீசல் வரத்தை முதலில் சந்தேகித்திருப்பேன். ஆகவே, குளிர்ந்த எஞ்சினை இயக்கும் முன் சிலிண்டரின் உட்புறத்தைச் சூடாக்கும் சிறு மின்சூடேற்றிகளான குளோ பிளக்குகளிலிருந்து தொடங்குங்கள். அவற்றை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றின் மின்தடையையும் மல்டிமீட்டரால் அளந்தால், நல்ல பிளக் ஏறக்குறைய 1 ஓம் அல்லது அதற்கும் குறைவாகக் காட்டும். உள்ளே கம்பி அறுந்திருந்தால் மின்தொடர்ச்சியே இராது. அனைத்தும் சரியாக இருந்தால், சாவியைத் திருப்பியதும் பட்டைக்கு 12 வோல்ட் அளவில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், பிளக்குகளுக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்சுவிட்சான ரிலேயைச் சோதியுங்கள்.

பதில் 2:
பேட்டரி புதியதாயினும், ஸ்டார்ட்டர் சுழலும்போது அதன் மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் அளந்துவிடுங்கள். மெதுவாகச் சுழலும் டீசல் எஞ்சினில், அழுத்தப்படும் காற்று டீசலைப் பற்றவைக்கப் போதிய அளவு சூடேறாது. அன்புகூர்ந்து, எஞ்சினை எளிதில் இயக்கச் சிலர் அடிக்கும், சட்டெனத் தீப்பற்றும் ஈதர் ஸ்பிரேயை மட்டும் அடிக்காதீர்கள். சூடான குளோ பிளக்கில் பட்டு அது முன்கூட்டியே வெடித்தால் பிஸ்டனே உடையக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
அளந்து பார்த்தேன், நான்கில் மூன்று பிளக்குகள் அறுந்திருந்தன. நான்கையும் மாற்றிய பின், இன்று காலை முதல் முயற்சியிலேயே வேன் இயங்கியது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.