மறு: ‘அடைப்பு’ என்ற ஒரே சொல் போதுமா?

அன்பர்களுக்கு வணக்கம். நம் மருத்துவச் சொற்பட்டியலில் இதயத் தமனி நோய்க்கு ‘அடைப்பு’ என்ற ஒரே சொல்லை வைக்காமல் மூன்றாகப் பிரிக்கலாம் என்றதற்கு வந்த கேள்வி இது:

> மக்களுக்கு ‘அடைப்பு’ என்றால் புரிகிறது. அதைப் போய் ஏன் மூன்றாக உடைக்க வேண்டும்?

எது புரிகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். ‘அடைப்பு’ என்று நாம் சொல்வது ‘பிளாக்’ என்பதைத்தான். தமிழில் ‘பிளாக்’ என்று எழுதினால் அது மூன்று சங்கதிகளுக்குப் பொருந்துகிறது. ஒன்று, ரத்தம் போகும் வழி அடைபடுவது. இரண்டு, இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனியின் சுவரில் கொழுப்பும் சுண்ணமும் நார்த்திசுவும் சேர்ந்து உண்டாகும் மேடு; ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் வேறு (முதலாவது block, இது plaque), நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. மூன்றாவது ‘ஹார்ட் பிளாக்’, அதாவது இதயத்தின் மின்தூண்டல் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் வழியில் தடைபடுவது, பேஸ்மேக்கர் வைப்பது இதற்கு. ‘அவருக்கு ஹார்ட்ல பிளாக்காம்’ என்று யாராவது சொன்னால் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது.

இதில் எனக்குப் பெரிய கவலை இரண்டாவதைப் பற்றித்தான். தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவதுபோல ரத்தக் குழாயின் உள்ளே கொழுப்பு ஒட்டிக்கொள்கிறது, பலூனை விட்டு விரித்தால் சரியாகிவிடும், இந்தப் படம்தான் எல்லார் மனத்திலும் இருக்கிறது. உண்மையில் கொழுப்பு சேர்வது சுவரின் உள்ளடுக்குக்குள்ளே. ஆரம்பத்தில் சுவர் வெளிப்பக்கம் விரிந்து இடம் கொடுப்பதால் உள்வழி அப்படியே இருக்கும், ஆஞ்சியோகிராமில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் அதன் மெல்லிய மூடி கிழிந்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து வழியை மூடும்போது மாரடைப்பு வருகிறது, அப்படிக் கிழிபவற்றில் பல, அதுவரை வழியைப் பெரிதாகக் குறுக்காதவை. ஸ்டென்ட் வைத்தவர் ‘அதான் அடைப்பை எடுத்தாச்சே’ என்று கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்துவதும், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த இரண்டு மாத்திரைகளில் ஒன்றை மருத்துவரைக் கேட்காமல் விட்டுவிட்டு ஸ்டென்டுக்குள்ளேயே உறைகட்டியை வரவழைத்துக்கொள்வதும் இதனால்தான். ஸ்டென்ட் ஓரிரு இடத்தை விரித்து வைக்கிறது, அவ்வளவுதான். நோய் மற்ற இடங்களிலும் இருக்கிறது.

ஆகவே சுவரிலிருப்பதற்குத் ‘தமனித் திட்டு’, வழி சுருங்குவதற்குக் ‘குறுக்கம்’, முழுக்க மூடிக்கொண்டால் மட்டும் ‘அடைப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு.

இன்னொன்று. ‘70 சதவீத அடைப்பு’ என்று எழுதும்போது அது விட்டக் கணக்கு என்பதே காணாமல்போகிறது. 10 பங்கு விட்டம் 3 பங்கானால் குறுக்குப் பரப்பில் மிஞ்சுவது வெறும் 9 சதவீதம். பொதுவாக 70 சதவீதத்தைத் தாண்டினால் கடுமையானது என்பார்கள், இதயத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் தரும் இடது முதன்மைத் தமனியில் மட்டும் 50 போதும். ‘விட்டக் குறுக்கம் 70’ என்றே எழுதிவிட்டால் தொல்லை இல்லை.

---

ஐயா, குறுக்கம் எனக்குச் சம்மதம். ‘திட்டு’தான் இடிக்கிறது. தமனி யாரையோ திட்டுவதுபோல இருக்கிறது :) தோல் நோயிலும் திட்டு உண்டு. ‘படிவு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன? அப்புறம் ‘சிவியர்’ (கடுமையான) என்பதற்கு நம் பழைய பட்டியலில் ‘தீவிர’ என்று இருக்கிறது. சிலர் ‘முற்றிய’ என்கிறார்கள். அதையும் முடிவு செய்துவிடுங்கள்.

---

அம்மா, தோல் நோய்த் திட்டுக்கு ஆங்கிலத்திலும் இதே plaque என்ற சொல்தான், அதனால் அந்த இரட்டை வழக்கு நமக்கு மட்டும் வந்த வினை இல்லை. ‘படிவு’ என்றால் மேலே படிவது, சுரண்டினால் வந்துவிடும் என்ற பழைய படமே திரும்ப வரும். இலங்கை நண்பர்கள் தமனியை நாடி என்பார்கள், அவர்கள் ‘நாடித் திட்டு’ என்று வைத்துக்கொள்ளட்டும், தமிழ்நாட்டில் நாடி என்றால் கைபிடித்துப் பார்ப்பது.

‘தீவிர’ கூடவே கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்கிறோம், திடீரென வருவதைக் குறிக்கும் அக்யூட் என்பதையும் தீவிரம் என்கிறோம், சிவியரையும் தீவிரம் என்றால் நோயாளிக்கு எது அவசரம் என்பது எப்படித் தெரியும்? மாடி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது, பல மாதமாக இதே நிலை என்பவருக்குக் குறுக்கம் கடுமையாக இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது. 2019-இல் முடிவு வெளியான ‘இஸ்கிமியா’ ஆய்வில் இப்படிப்பட்ட 5,179 பேரை எடுத்துக்கொண்டார்கள். மருந்தோடு தொடங்கியவர்களுக்கும் உடனே ஆஞ்சியோகிராம் செய்து ஸ்டென்டோ பைபாஸோ செய்தவர்களுக்கும் இறப்பிலும் மாரடைப்பிலும் மொத்தத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை, அடிக்கடி நெஞ்சுவலி இருந்தவர்களுக்கு வலி மட்டும் இரண்டாவது வழியில் நன்றாகக் குறைந்தது. இடது முதன்மைத் தமனிக் குறுக்கம் இருந்தவர்களை அதில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், அவர்கள் கதை வேறு. சும்மா இருக்கும்போதே வலி வந்து விடாமல் நிற்கிறதென்றால் அது அக்யூட், அங்கே நிமிடக் கணக்கு. இரண்டுக்கும் ஒரே அடைமொழி என்றால் முதலாமவர் பதறிப்போய்க் கையெழுத்துப் போடுவார், இரண்டாமவர் ‘இது பழைய தீவிரம்தானே’ என்று விடியட்டும் எனக் காத்திருப்பார்.

‘முற்றிய’ என்பது கைவிட்ட கேஸ் மாதிரி ஒலிக்கிறது. சர்க்கரை நோயோடு பல தமனிகளில் குறுக்கம் உள்ளவர்களுக்குக்கூட பைபாஸ் நல்ல பலன் தருகிறது.

எனவே ‘கடுங்குறுக்கம்’, ‘திடீரடைப்பு’. மூன்று மாதத்துக்கு மேல் மூடியே கிடக்கும் தமனிக்கு ‘நாள்பட்ட அடைப்பு’ போதும், ‘முழு’ என்று முன்னால் சேர்க்காதீர்கள், முழு அடைப்பு என்றால் கடைகளை மூடுவதுதான் நினைவுக்கு வரும். ஸ்டென்ட், பைபாஸ் இரண்டையும் தொட வேண்டாம். எல்லாருடைய வாயிலும் உட்கார்ந்துவிட்ட சொற்கள்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.