என்ட்ரி கண்டிஷன் சரிதான், பாட் மட்டும் ஒரே கேண்டிலில் மூன்று முறை வாங்குகிறது. தவறு எங்கே?

மண்டபம்கேம்ப் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பங்கு வாங்கும் பாட் (தானியங்கி நிரல்): பைத்தான் ஸ்கிரிப்ட், புரோக்கர் ஏபிஐ (நிரல் நேரடியாக ஆர்டர் அனுப்பும் வழி), என்எஸ்இ கேஷ் (பங்கையே வாங்கி விற்கும் பிரிவு), இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்பது), வாங்குவது மட்டும். 5 நிமிட கேண்டில் (அந்த ஐந்து நிமிட விலையைக் காட்டும் சார்ட் கட்டை). 20 இஎம்ஏ (புது விலைகளுக்கு அதிக எடை தரும் 20 கேண்டில் சராசரி) 50 இஎம்ஏவுக்கு மேலே இருக்க வேண்டும், ஆர்எஸ்ஐ(14), அதாவது விலையேற்றத்தின் வலுவை 0 முதல் 100 வரை சொல்லும் எண், 55-ஐத் தாண்டியிருக்க வேண்டும், விலை விவாப்புக்கு (வால்யூம் எடையிட்ட அன்றைய சராசரி விலைக்கு) மேலே, வால்யூம் (கைமாறிய பங்கு எண்ணிக்கை) கடைசி 20 கேண்டில் சராசரியைப் போல் ஒன்றரை மடங்கு. நான்கும் சேர்ந்தால் மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கும் விலைக்கு உடனே வாங்குவது). லூப் நொடிக்கு ஒரு முறை சரிபார்க்கிறது.

சிக்கல்கள்: ஒரே கேண்டிலில் இரண்டு மூன்று முறை வாங்கிவிடுகிறது. வாங்கிய இடத்தை அப்புறம் சார்ட்டில் பார்த்தால் சிக்னலே இல்லை. கரண்ட் போய் வந்து ஸ்கிரிப்ட் மறுபடி ஓடத் தொடங்கினால் உடனே இன்னொரு ஆர்டர். பேக்டெஸ்டில் (பழைய டேட்டாவில் ஓட்டிப் பார்த்ததில்) லாபம், லைவில் நட்டம். இண்டிகேட்டரை (இஎம்ஏ, ஆர்எஸ்ஐ போன்றவற்றை) மாற்ற வேண்டுமா?

—

தூக்குப்பாலம்:

இண்டிகேட்டரைத் தொடாதீர்கள் தம்பி. நீங்கள் எழுதியிருக்கும் நான்கும் நிலைமைகள். நிகழ்ச்சி ஒன்றுகூட இல்லை. உங்கள் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும் ஏற்பாடு இருந்தது. ஆனால் காற்று அடங்கிவிட்டது என்பதற்காக மட்டும் எந்த ரயிலும் கிளம்புவதில்லை. அதற்கு நேரம் வர வேண்டும், கார்டு கொடி காட்ட வேண்டும். காற்று அடங்குவது அனுமதி, கொடி உத்தரவு. உங்கள் ஸ்கிரிப்டில் அனுமதி மட்டும் இருக்கிறது. அனுமதி நீடிக்கும் ஒவ்வொரு நொடியும் அது ஒரு ரயிலை அனுப்புகிறது.

'20 இஎம்ஏ மேலே இருக்கிறது' என்பது இரண்டு மணி நேரம்கூட உண்மையாக இருக்கும். 'மேலே வெட்டியது' என்பது ஒரே ஒரு கேண்டிலில்தான் உண்மை. இப்படி எழுதுங்கள்:

வெட்டு = (முந்தைய_20 <= முந்தைய_50) மற்றும் (இந்த_20 > இந்த_50)
அனுமதி = (விலை > விவாப்) மற்றும் (வால்யூம் போதும்) மற்றும் (ஆர்எஸ்ஐ 55-க்கு மேல்)
என்ட்ரி = வெட்டு மற்றும் அனுமதி மற்றும் (பூட்டு திறந்திருக்கிறது)

முதல் வரியில் <= முக்கியம். வெறும் < போட்டால், இரண்டும் சமமாக நின்று அப்புறம் மேலே போகும் வெட்டு தப்பிவிடும்.

மூன்றாவது வரியின் பூட்டுதான் உங்கள் முதல் சிக்கலுக்கு மருந்து. 'பொசிஷன் (கையிலிருக்கும் பங்கு) இல்லையென்றால் வாங்கு' என்ற சோதனை போதாது. ஆர்டர் போய், நிறைவேறி, பொசிஷன் பட்டியலில் தெரிய ஓரிரு நொடி ஆகலாம். உங்கள் லூப் நொடிக்கு ஒரு முறை ஓடுகிறது. அந்த இடைவெளியில் பொசிஷன் சுழியம் என்று பார்த்து இன்னொன்று போட்டுவிடும். பூட்டை ஆர்டர் அனுப்புவதற்கு முன்பே போடுங்கள், பதில் வந்த பிறகு அல்ல. பூட்டுக்குச் சாவியாகப் பங்கின் பெயர், தேதி, கேண்டில் நேரம் மூன்றையும் சேர்த்து வையுங்கள். அதே சாவி ஏற்கெனவே இருந்தால் ஆர்டர் கிடையாது.

ஏபிஐ டைம்-அவுட் ஆனால் திரும்ப அனுப்பவே கூடாது. பதில்தான் வரவில்லை, ஆர்டர் எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருக்கலாம். ஒவ்வொரு ஆர்டரிலும் அந்தச் சாவியைச் சுருக்கி டேக்காக அனுப்பி, ஆர்டர் புக்கில் (உங்கள் ஆர்டர்களின் பட்டியலில்) அந்த டேக்கைத் தேடிப் பார்த்த பிறகே அடுத்த முடிவு.

—

கீழக்கரை காக்கா:

இரண்டாவது சிக்கல், சார்ட்டில் சிக்னல் இல்லாமல் போவது. காரணம் ஒன்றே ஒன்று: முடியாத கேண்டிலில் கணக்குப் போடுகிறீர்கள். 10:22-க்கு விலை ஏறி இஎம்ஏ வெட்டியது, பாட் வாங்கியது, 10:25-க்குள் விலை இறங்கி வெட்டு அழிந்தது. சார்ட் கடைசி விலையைத்தான் வைத்துக்கொள்ளும், நடுவில் நடந்ததை வைத்துக்கொள்ளாது.

நம்மூர் ஏபிஐகளில் கேண்டிலின் நேரம் பெரும்பாலும் தொடக்க நேரம். 9:15 கேண்டில் 9:20-க்குத்தான் முடியும். 9:20-க்குப் போய்க் கேட்டால் கடைசி வரிசையில் வருவது அப்போதுதான் பிறந்த 9:20 கேண்டிலாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 'கடைசிக்கு முந்தைய வரிசை' என்று கண்மூடி எடுக்காமல் நேரத்தைப் படித்து எடுங்கள். கேண்டில் முடிந்து 2, 3 நொடி விட்டுக் கேட்பது நல்லது. நொடிக்கு ஒரு முறை லூப் வேண்டியதே இல்லை. ஒரு நாளைக்கு 75 கேண்டில், 75 முறை முடிவெடுத்தால் போதும். ஸ்டாப்லாஸைக் (நட்டத்தை நிறுத்த விற்கும் விலையை) கவனிக்கும் லூப் தனியாக ஓடட்டும்.

இன்னும் சில, வரிசையில்லாமல்:

50 இஎம்ஏ தொடக்க மதிப்பை மறக்க நேரம் எடுக்கும். 150 கேண்டில் கழித்து அந்தத் தொடக்கத்தின் தாக்கம் ஏறக்குறைய கால் சதவீதமாகக் குறையும். 150 கேண்டில் என்றால் இரண்டு முழு நாள். நான்கு நாள் டேட்டா இழுத்துவிட்டுத் தொடங்குங்கள். காலையில் வெறுங்கையோடு தொடங்கினால் மதியம்வரை உங்கள் இஎம்ஏ ஒன்று, சார்ட்டின் இஎம்ஏ இன்னொன்று.

ஆர்எஸ்ஐயில் பலர் சறுக்கும் இடம்: அதை உருவாக்கிய வைல்டர் முறையில் 14 என்றால் புது மதிப்புக்கு எடை 1/14. பாண்டாஸில் (பைத்தானின் டேட்டா நூலகத்தில்) ஸ்பான் 14 என்று கொடுத்தால் எடை 2/15, ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். ஸ்பான் 27 கொடுக்க வேண்டும், அல்லது ஆல்ஃபாவையே 1/14 என்று கொடுக்க வேண்டும். அங்கேயே அட்ஜஸ்ட் என்ற அமைப்பைப் பொய் (False) ஆக்குங்கள். இயல்பில் அது மெய் (True).

வால்யூம் கண்டிஷன் காலையில் பொய் சொல்லும். 9:15 கேண்டில் வழக்கமாகவே பெரியது. அது 20 கேண்டில் சராசரிக்குள் இருக்கும்வரை, அதாவது 11 மணியை ஒட்டும்வரை, சராசரி உப்பிக்கிடக்கும். 10 மணிக்கு வரும் நல்ல வால்யூமும் ஒன்றரை மடங்கைத் தொடாது. அந்த நேரம் போனதும் மதிய மந்தத்தில் சராசரி சரிந்து, சின்ன வால்யூம்கூடப் பெரிதாகத் தெரியும். கடைசி 10 நாளின் இதே நேரத்துக் கேண்டிலோடு ஒப்பிடுங்கள். 10:25 கேண்டிலை 10:25 கேண்டில்களோடு.

காலை இடைவெளித் திறப்பு. 9:15 கேண்டிலுக்கு 'முந்தைய' கேண்டில் நேற்று 3:25. கேப்-அப் ஆனால் (நேற்றைய முடிவைவிட மேலே திறந்தால்) அது வெட்டு என்று கணக்காகிவிடும். இரண்டு கேண்டிலின் தேதியும் ஒன்றா என்று ஒரு வரி சேருங்கள்.

விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுக்கும் தொலைதூரச் சர்வரில்) ஓட்டினால் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் யுடிசியில் (நம்ம நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) இருக்கும். '9:30-க்குப் பிறகு மட்டும் வாங்கு' என்று எழுதினால் அது நம்ம நேரம் பிற்பகல் 3 மணி. இன்ட்ராடேயை புரோக்கர் தானாக விற்று அடைக்கும் வேளையில் போய் வாங்கி நிற்கும்.

—

கச்சான்:

காக்கா சொன்னதெல்லாம் சரி, ஒன்றைத் தவிர. எல்லா என்ட்ரிக்கும் கேண்டில் முடியக் காத்திருக்கத் தேவையில்லை. இண்டிகேட்டர் வெட்டு என்றால் காத்திருங்கள், ஏனென்றால் அது அழியக்கூடியது. விலைக் கோடு அப்படியல்ல. 9:15 முதல் 9:30 வரையான உச்சம் 501.90 என்றால் 9:30-க்குப் பிறகு அது மாறாது. 502.00 ட்ரிக்கர் (ஆர்டர் உயிர்பெறும் விலை), 502.60 லிமிட் (கொடுக்கும் அதிகபட்ச விலை) என்று ஸ்டாப் லிமிட் ஆர்டரை எக்ஸ்சேஞ்சிலேயே போட்டு வைக்கலாம். நம் பக்கம் நெட் போனாலும் அது காத்திருக்கும். லிமிட்டைத் தாண்டிப் பாய்ந்தால் நிறைவேறாது. பரவாயில்லை, துரத்த வேண்டாம்.

மார்க்கெட் ஆர்டரை விடுங்கள். வாங்கும் விலையிலிருந்து 0.1% மேலே லிமிட் வையுங்கள், 30 நொடியில் நிறைவேறாவிட்டால் ரத்து. பாதி நிறைவேறினால், 100 கேட்டு 40 கிடைத்தால், ஸ்டாப்லாஸும் 40-க்குத்தான். இதை மறந்து 100-க்கு ஸ்டாப்லாஸ் போட்டால் அது அடிக்கும்போது 60 பங்கு ஷார்ட்டில் (கையில் இல்லாததை விற்ற நிலையில்) நிற்பீர்கள்.

விலையை டிக்குக்கு (விலை நகரும் மிகச்சிறிய படிக்கு) சரிசெய்யாவிட்டால் ஆர்டர் திரும்பி வரும். 250 ரூபாய்க்குக் கீழே டிக் 1 பைசா, 250 முதல் 1000 வரை 5 பைசா, அதற்கு மேல் 5000 வரை 10 பைசா. பங்கு விலை மாறினால் டிக்கும் மாறும் என்பதால், ஸ்கிரிப்டில் எண்ணாக எழுதாமல் தினமும் காலையில் இன்ஸ்ட்ருமெண்ட் பட்டியலிலிருந்து எடுங்கள்.

இனி லாப நட்டம். உங்கள் பேக்டெஸ்ட் சிக்னல் வந்த கேண்டிலின் முடிவு விலையிலேயே வாங்குகிறதா? அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த கேண்டிலின் தொடக்க விலைக்கு மாற்றுங்கள். அப்புறம் செலவு. 500 ரூபாய்ப் பங்கு 100: புரோக்கரேஜ் பக்கத்துக்கு (வாங்க ஒரு பக்கம், விற்க ஒரு பக்கம்) 0.03% என்றால் போக வர 30 ரூபாய், விற்கும்போது எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) 0.025% என்று 12.50, ஸ்டாம்ப் 1.50, எக்ஸ்சேஞ்ச் கட்டணம் ஏறக்குறைய 3, ஜிஎஸ்டி 6. மொத்தம் 53 ரூபாய், பங்குக்கு 53 பைசா. பக்கத்துக்கு இரண்டு டிக் ஸ்லிப்பேஜ் (நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம்) சேர்த்தால் 73 பைசா. ஒன்றரை ரூபாய் நகர்வைப் பிடிக்கும் என்ட்ரி என்றால் பாதி இங்கேயே போயிற்று. ஆகவே என்ட்ரி கண்டிஷனிலேயே ஒரு வரி: எதிர்பார்க்கும் நகர்வு செலவைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும், இந்தப் பங்கில் 2.92 ரூபாய். 5 நிமிட ஏடிஆர் (ஒரு கேண்டிலின் சராசரி ஏற்ற இறக்கம்) 60 பைசாவாகக் கிடக்கும் நாளில் அந்தப் பங்கைத் தொடவே வேண்டாம். மீன்பிடித் தடைக்காலத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கரையில்தானே கிடக்கிறது, அதுபோல இதுவும் கிடக்கட்டும்.

ஆர்எஸ்ஐ எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. 20, 50-ஐ மேலே வெட்டும் நேரத்தில் ஆர்எஸ்ஐ பெரும்பாலும் 55-க்கு மேல்தான் இருக்கும். இரண்டும் ஒரே விலையிலிருந்து வருபவை, ஒரே சாட்சி இரண்டு முறை கையெழுத்துப் போடுவது மாதிரி. ஒவ்வொரு கண்டிஷனையும் தனியாக எடுத்துவிட்டுப் பேக்டெஸ்ட் ஓட்டுங்கள். எடுத்தும் டிரேட் பட்டியல் ஏறக்குறைய அப்படியே இருந்தால் அது வெறும் அலங்காரம். எடுத்ததும் ஐந்து டிரேட்தான் வித்தியாசம், அந்த ஐந்திலேயே மொத்த லாபமும் மாறுகிறது என்றால் அதை நம்பாதீர்கள்.

—

மண்டபம்கேம்ப்:

பேக்டெஸ்ட் அதே கேண்டில் முடிவு விலையில்தான் வாங்குகிறது, கச்சான் அண்ணே. மாற்றிவிட்டேன், லாபத்தில் பெரும்பகுதி போய்விட்டது.

மூன்று சந்தேகம். ஸ்டாப்லாஸ் அடித்த பிறகு அதே பங்கில் மறுபடி உள்ளே போகலாமா? மந்தமான நாளில் இஎம்ஏ இரண்டும் ஒட்டிக்கொண்டு மேலும் கீழும் வெட்டிக்கொண்டே இருக்கிறது. கரண்ட் பிரச்சினைக்கு யுபிஎஸ் போதுமா?

—

தூக்குப்பாலம்:

ஒட்டிக்கொண்டு வெட்டுவதற்கு: நிறுத்தும் எல்லையும் விடுவிக்கும் எல்லையும் ஒன்றாக இருக்கக் கூடாது. காற்று 57-க்கும் 59-க்கும் இடையே ஆடும்போது 58 ஒன்றையே எல்லையாக வைத்தால் சிக்னல் சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டே இருக்கும். இங்கே அதற்கு ஒரு இடைவெளி வையுங்கள். 20 இஎம்ஏ, 50-க்கு மேலே ஏடிஆரில் பத்தில் ஒரு பங்காவது போனால்தான் வெட்டு செல்லும். அடுத்த வெட்டை எண்ண வேண்டுமானால், நடுவில் அதே அளவு கீழே போய் வந்திருக்க வேண்டும். ஏடிஆர் 2 ரூபாய் என்றால் மேலே 20 பைசா, கீழே 20 பைசா. முன்பு நான் எழுதிய வெட்டு வரியை இதற்கேற்ப மாற்ற வேண்டும்: மேலே, கீழே என்று ஒரு நிலையை நினைவில் வைத்து, அது கீழேயிலிருந்து மேலேக்கு மாறும் கேண்டில்தான் உத்தரவு.

மறுநுழைவு: ஒரு பங்கில் ஒரு நாளைக்கு இரண்டு என்ட்ரிக்கு மேல் வேண்டாம். 2:45-க்குப் பிறகு புதிய என்ட்ரியே வேண்டாம், நகர நேரம் இல்லை.

கரண்டுக்கு யுபிஎஸ் போதாது, மொபைல் டவரும் சேர்ந்து போகும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் 2025 பிப்ரவரி 4 சுற்றறிக்கைக்குப் பிறகு, ஏபிஐ ஆர்டர் புரோக்கரிடம் பதிந்த நிலையான ஐபியிலிருந்துதான் (மாறாத இணைய முகவரி) போக வேண்டும். வீட்டு இணைப்பில் ஐபி மாறிக்கொண்டே இருக்கும். மும்பையில் ஒரு சின்ன விபிஎஸ் எடுத்து நிலையான ஐபி வாங்கினால் இரண்டும் தீரும். இந்த விதிகளில் வரும் நொடிக்கு 10 ஆர்டர் வரம்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, உங்கள் பாட் நாளைக்கே 10 போடாது.

விபிஎஸ்ஸும் சில நேரம் மறுபடி தொடங்கும். பூட்டு நினைவகத்தில் மட்டும் இருந்தால் அதோடு போய்விடும். எஸ்க்யூலைட் (சின்ன டேட்டாபேஸ்) ஃபைலில் எழுதுங்கள். ஸ்கிரிப்ட் எழுந்ததும் முதல் வேலை என்ட்ரி தேடுவது அல்ல: ஆர்டர் புக், பொசிஷன் இரண்டையும் புரோக்கரிடம் கேட்டு, ஃபைலோடு ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் புது ஆர்டர் கிடையாது, போனுக்கு ஒரு செய்தி மட்டும். எழுந்த நேரத்துக்கு முன்பே முடிந்த கேண்டிலின் சிக்னலையும் எடுக்கக் கூடாது.

—

கீழக்கரை காக்கா:

ஒன்று விட்டுப்போச்சு. லாக். வாங்கியபோது மட்டும் எழுதாதீர்கள், வாங்காத கேண்டிலுக்கும் எழுதுங்கள். எல்லாக் கண்டிஷனையும் கணக்கிட்ட பிறகு, மதிப்போடு:

10:25 | வெட்டு ஆம் 0.31 | விவாப் மேல் ஆம் 1.15 | வால்யூம் 1.32 இல்லை | பூட்டு திறப்பு | என்ட்ரி இல்லை

சாயங்காலம் அதே நாளைப் பேக்டெஸ்டில் ஓட்டி, 75 வரியையும் லாக்கோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். முதலில் எந்த வரியில் பிரிகிறதோ அங்கேதான் பிழை. பத்து நாள் ஒரு வரிகூடப் பிரியாமல் வந்த பிறகு ஒரே ஒரு பங்கு, அளவு 1 என்று வைத்துத் தொடங்குங்கள்.